கோடி கொடியாகாமல் இருக்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்திலும் பண்டிகைக் கால விளம்பரங்களிலும் உருண்டு திரண்ட, கொழுகொழுவென்ற தடித்த எழுத்துகள் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. நல்ல மாற்றம். தமிழில் அச்செழுத்து என்றாலே பாடப்புத்தக எழுத்துதான் என்ற நிலை எப்போதோ மாறியிருக்க வேண்டும். ஆனால் அதே எழுத்து தலைப்பிலிருந்து இறங்கி, கதையின் உள்ளடக்கம், விடுகதையின் விடை, வீட்டுமனை விளம்பரத்தின் தொலைபேசி எண் என்று பரவுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்பதை ரசனையை மட்டும் நம்பி முடிவுசெய்ய வேண்டியதில்லை, அளந்தே சொல்லிவிடலாம். அந்த அளவை எடுக்கும் விதத்தைத் தங்கள் பக்க வடிவமைப்பாளர்களுக்கும், பலகையும் பெட்டியும் சுவரொட்டியும் அடிக்கக் கொடுக்கும் வாசகர்களுக்கும் எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

அளக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: இரட்டைக் கொம்பின் தலைச்சுழி. ஒற்றைக் கொம்புக்கு அடியில் ஒரு சுழி உண்டு. இரட்டைக் கொம்புக்கு அதோடு தலையிலும் ஒரு சுழி. 'கெ' வேறு, 'கே' வேறு என்று கண்ணுக்குச் சொல்வது அந்தத் தலைச்சுழிக்குள் தெரியும் துளி வெள்ளைதான். எழுத்தைத் தடிக்க வைக்கும்போது கோடு வெளிப்பக்கம் மட்டும் வளர்வதில்லை, உட்பக்கமும் வளர்கிறது. முதலில் காணாமல் போவது அந்தத் துளி வெள்ளை. அது அடைபட்டால் கோடி கொடியாகும், கோட்டை கொட்டையாகும், பேட்டி பெட்டியாகும். இகர, ஈகாரங்களைக் காட்டும் மேல்வளைவான மேல்விலங்கிலும் இதே ஆபத்து. ஈகாரத்தின் சுழி மூடிக்கொண்டால் நீதி நிதியாகிவிடும். வீடு விற்பனைக்கு என்பது விடு விற்பனைக்கு என்று நிற்கும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு வளைவு. அது கரிய திட்டாகிவிட்டால் பணி பனியாகும்.

ஆங்கில எழுத்தில் இந்த அளவுக்கு ஆபத்து இல்லை. அங்கே ஓர் எழுத்தின் சிறு கண் மூடிக்கொண்டாலும் சொல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தடித்த விளம்பர எழுத்து பிறந்து வளர்ந்ததே அந்த மண்ணில்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனில் சுவரொட்டிக்கும் லாட்டரி விளம்பரத்துக்கும் கொழுத்த எழுத்துகளை வார்த்தார்கள். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் பெரிய எழுத்துகளை இயந்திரத்தால் செதுக்கி மொத்தமாக விற்க வழிசெய்த பிறகு, ஈயத்தில் வார்க்க முடியாத அளவுக்குப் பெரிய எழுத்துகளும் மலிவாயின. 1922இல் சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக், முனையெல்லாம் மழுங்கிய, பன்னைப்போல் உப்பிய அந்த எழுத்து, இன்றுவரை உலகெங்கும் கடைப் பலகைகளில் இருக்கிறது. இன்று தமிழில் வரும் குண்டு எழுத்துகள் பலவற்றில் அதன் சாயலைக் காணலாம். அதன் தடிமனை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் தலைச்சுழி தாங்காது.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்தவர்கள் பலகை எழுதுவோரும் சினிமாத் தலைப்பு எழுதுவோரும். அவர்கள் எழுத்துருவை எடுத்து வைக்கவில்லை, ஒவ்வொரு சொல்லையும் புதிதாக வரைந்தார்கள். பகரத்தின் செங்குத்துக் கோட்டைக் கட்டை விரல் அகலத்துக்கு இழுத்த அதே தூரிகை, ணகரத்துக்கு வந்ததும் தானாகவே மெலியும். மூன்று நான்கு கோடுகள் நெருக்கி நிற்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் கொஞ்சம் சன்னமாக்கினால்தான் மொத்தக் கருமை சமமாகத் தெரியும் என்பது கை அறிந்த கணக்கு. நல்ல எழுத்துரு வடிவமைப்பாளரும் இதையே செய்கிறார். ஓர் எழுத்துரு தேறுமா என்று அறிய எளிய வழி இது: 'ப' ஒன்றையும் 'ண' ஒன்றையும் 300 பாயின்டில் (எழுத்தளவின் அலகு அது) அடித்து, அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டுருவமாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்றை வையுங்கள். ணகரத்தின் கோடு பகரத்தின் கோட்டைவிட மெலிந்திருந்தால் வரைந்தவருக்கு விஷயம் தெரியும். இரண்டும் ஒரே தடிமன் என்றால் அந்த எழுத்துரு ஒன்று ணகரத்தை வண்டி அகலத்துக்கு விரித்திருக்கும், அல்லது கறுப்புக் கட்டியாக்கியிருக்கும். வாங்கவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பவற்றில் நம்பிப் பயன்படுத்தக்கூடியவை சில உண்டு. மும்பையின் ஏக் டைப் குழு வெளியிட்ட பலூ குடும்பத்தின் தமிழ்ப் பிள்ளைக்குப் பலூ தம்பி என்று பெயர். மலையாளத்தில் அதுவே சேட்டன், கன்னடத்தில் தம்மா, தெலுங்கில் தம்முடு. முதலில் வந்தது ஒரே தடிமனில்தான். அடுத்து வந்த பலூ தம்பி 2 சாதாரணத்திலிருந்து மிகத்தடிப்பு வரை ஐந்து தடிமன்களில் கிடைக்கிறது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான், ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம். காயினி என்பது தமிழும் லத்தீனும் மட்டும் உள்ள, ஒரே தடிமன் கொண்ட, நன்றாக உருண்ட எழுத்து. இனிப்புக்கடைக்கும் பொம்மைக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும், ஆனால் சிறிய அளவில் மெலிய வைக்க வழியில்லை. அரிமா நெளிவும் குழைவும் கொண்டது, கூச்சலிடாத விளையாட்டுத்தனம் வேண்டும் இடத்துக்கு ஏற்றது. அதே ஏக் டைப் வெளியிட்ட அனேக் தமிழ், விளையாட்டு எழுத்து என்று சொல்ல முடியாது என்றாலும், அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உள்ளதால் தடித்த தலைப்புக்குப் பக்கத்துணையாக நிற்கும். இவை எல்லாமே திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம், கோப்பில் பதிக்கலாம், மாற்றியும் கொள்ளலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக்கூடாது.

இனி அளவுக்கு வருவோம். ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. 72 பாயின்ட் என்றால் 25.4 மில்லிமீட்டர். இது எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம், எழுத்தின் உயரம் இதைவிடக் குறைவு. கட்டத்தில் மேல்விலங்குக்கும் புள்ளிக்கும் மேலே இடம் விட்டு, உகரத்தின் வாலுக்குக் கீழே இடம் விட்டால், 'ப' நிற்கும் உயரம் பல எழுத்துருக்களில் பாதியை ஒட்டி வரும், அதாவது 12.7 மில்லிமீட்டர். மிகத்தடித்த ஓர் எழுத்துருவில் தலைச்சுழியின் வெள்ளை, பகர உயரத்தில் 25இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 72 பாயின்டில் அந்த வெள்ளை அரை மில்லிமீட்டர். 48 பாயின்டில் 0.34 மில்லிமீட்டர். 36 பாயின்டில் கால் மில்லிமீட்டர்.

நாளிதழ் அச்சாகும் நியூஸ்பிரின்ட் தாள் மையைக் குடித்து ஓரங்களில் பரப்பும். உலராத மை, வேகமாக ஓடும் சுருள் தாள், பூச்சில்லாத மேற்பரப்பு என்று எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு கோட்டையும் கொஞ்சம் உப்ப வைக்கும். இரு பக்கமிருந்தும் உப்பும் மை நடுவில் இருக்கும் வெள்ளையைத் தின்னும். அரை மில்லிமீட்டர் வெள்ளை இருந்தால் தப்பிக்கும். கால் மில்லிமீட்டர் வெள்ளை அடுத்த நாள் காலையில் கறுப்புத் திட்டாகவே வாசலில் விழும். ஆகவே மிகத்தடித்த எழுத்தை நாளிதழில் 72 பாயின்டுக்குக் கீழே இறக்காதீர்கள். 48 பாயின்ட்தான் இடம் என்றால் ஒரு படி மெலிந்த தடிமனுக்குப் போங்கள், 36 என்றால் இரண்டு படி. மெலிந்த தடிமனே இல்லாத எழுத்துருவாக இருந்தால் அந்த இடத்துக்கு அது வேண்டாம். ஐந்து தடிமன் உள்ள குடும்பத்தைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சாகும் மலருக்கு இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம், அங்கே 0.3 மில்லிமீட்டர் வெள்ளைகூடப் பெரும்பாலும் நிற்கும்.

25இல் ஒரு பங்கு என்பது எடுத்துக்காட்டுக்குச் சொன்ன கணக்கு. உங்கள் கையில் இருக்கும் எழுத்துருவுக்கு நீங்களே அளக்க வேண்டும். 'பே' என்று 720 பாயின்டில் அடித்து, சுழிக்குள் இருக்கும் வெள்ளையின் மிகக் குறுகிய அகலத்தை மென்பொருளின் அளவுகோலால் எடுங்கள். வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் 72 பாயின்டுக்கான அளவு. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒருமுறை அளந்து ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தால் பிறகு யோசிக்க வேண்டியதே இல்லை.

வெள்ளெழுத்து, அதாவது கறுப்பிலோ நிறத்திலோ வெள்ளையாக வெட்டி எடுக்கும் ரிவர்ஸ், இன்னும் கவனம் கேட்கும். அங்கே மை வெளியிலிருந்து எழுத்துக்குள் பரவும், எழுத்து மெலியும். தடித்த எழுத்துக்கு அது ஒருவகையில் நல்லது. ஆனால் சுழிக்குள் நிற்கும் மைத்துளி மிகச் சிறியது. நாலு நிறமும் சேர்ந்த பின்னணியில் வெட்டினால் ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, மயிரிழை தவறினாலும் அந்தத் துளி சிவப்பும் நீலமுமாகச் சிதறும். ரிவர்ஸ் செய்ய வேண்டுமானால் பின்னணியை ஒரே நிறத்தில், அதிகம் போனால் இரண்டு நிறத்தில் வையுங்கள். நியூஸ்பிரின்டில் நான்கு மைகளின் கூட்டு (ஒவ்வொரு மையும் 100 சதவீதம் வரை போகலாம்) 240 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வழக்கமான வரம்பும் இங்கே உதவும்.

கடைப் பலகைக்குக் கணக்கு வேறு. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலை அளவு இடைவெளியைப் பிரித்தறியும். 10 மீட்டர் தூரத்தில் அது சுமார் 3 மில்லிமீட்டர். அது கண் மருத்துவரின் அறையில், நல்ல வெளிச்சத்தில், அசையாமல் உட்கார்ந்து பார்ப்பவருக்கு. தெருவில் பேருந்திலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு இரண்டு மடங்காவது வேண்டும், ஆகவே 6 மில்லிமீட்டர். தலைச்சுழியின் வெள்ளை 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமானால், அதே 25 மடங்குக் கணக்கில் பகரத்தின் உயரம் 150 மில்லிமீட்டர், ஏறக்குறைய அரை அடி. பலகைத் தொழிலில் 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். அதன்படி 10 மீட்டருக்கு, அதாவது 33 அடிக்கு, மூன்றரை அங்குலத்துக்குள் போதும். அந்த வாய்ப்பாடு எளிய ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஒத்துவரும். குண்டுத் தமிழ் எழுத்துக்கு அதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு வேண்டியிருக்கிறது என்பதைத்தான் மேலே உள்ள கணக்கு காட்டுகிறது. எதிர்ச்சாரியிலிருந்து தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுத்தை மேலும் மேலும் தடிக்க வைக்கும் கடைக்காரர்கள் உண்மையில் தூரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு படி மெலிந்த எழுத்து அதே உயரத்தில் இன்னும் சற்றுத் தள்ளியும் படிக்கப்படும்.

பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது தமிழகத்தில் அறிந்ததே. தமிழுக்குக் கிடைக்கும் அந்தப் பெரிய பங்கை எழுத்தின் உயரத்துக்குச் செலவிடுங்கள், தடிமனுக்குச் செலவிடாதீர்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். 'பேட்டி பெட்டி, நீதி நிதி, பணி பனி, கோடி கொடி, ஏழு எழு, ஓடு ஒடு, ஃபோன், ஸ்ரீ, க்ஷ, ழூ, ஞூ' என்று ஒரு வரி அடித்து, உண்மையாக அச்சாகப் போகும் அளவில் லேசர் பிரின்ட் எடுங்கள். அதைச் சாதாரண ஜெராக்ஸ் இயந்திரத்தில் நகல் எடுத்து, நகலை மறுபடி நகல் எடுத்து, அதையும் ஒருமுறை எடுங்கள். மூன்றாவது நகல் நியூஸ்பிரின்டில் மை பரவுவதற்கு ஏறத்தாழ ஒப்பாக இருக்கும். வேலையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் நீட்டி, இரண்டு கை நீளத் தூரத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இணைச் சொற்களில் எதைத் தடுமாறுகிறாரோ அதுதான் உங்கள் எழுத்துருவின் ஓட்டை. ஆய்தத்தின் மூன்று புள்ளிகளும் ஒட்டிக்கொண்டு முக்கோணமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், குண்டு எழுத்துகளில் இது அடிக்கடி நேரும்.

எழுத்துரு நன்றாக இருந்தும் அதைக் கையாளும் விதத்தால் கெடுவது நிறைய. முதல் குற்றவாளி போல்டு பொத்தான். தடித்த தடிமன் இல்லாத எழுத்துருவில் அதை அழுத்தினால் மென்பொருள் எழுத்தைச் சுற்றி ஒரு கோடு சேர்த்து உப்ப வைக்கும். அந்தக் கோடு சுழிக்குள்ளும் சேரும். ஏற்கெனவே தடித்த எழுத்தில் இதைச் செய்தால் சுழியே இருக்காது. இதேபோல் எழுத்தைச் சுற்றி வெள்ளையோ கறுப்போ விளிம்பு போடுவது. விளிம்பை எழுத்தின்மேல் போடாமல் எழுத்துக்குப் பின்னால் போட வேண்டும்: சொல்லை நகலெடுத்து, அடியில் இருக்கும் நகலுக்கு மட்டும் தடித்த கோடு கொடுத்து, மேலே அசல் எழுத்தை வைக்க வேண்டும். கோட்டின் மூலை இணைப்பை வட்டமாக மாற்றுவதும் அவசியம், இல்லாவிட்டால் டகரத்தின் மூலையிலும் கொம்பின் நுனியிலும் முள் முளைக்கும்.

நிழல் கொடுப்பதிலும் அதே கவனம் வேண்டும். வலப்பக்கமும் கீழேயும் தள்ளிப் போடும் கெட்டி நிழல் சுழிகளுக்குள் புகுந்து அடைத்துவிடும். நிழலின் தள்ளல், சுழியின் வெள்ளையில் பாதியைத் தாண்டக்கூடாது. அதற்குமேல் ஆழமான நிழல்தான் வேண்டும் என்றால், சுழிகளுக்குள் விழும் நிழலைக் கையால் வெட்டி எடுத்துவிட்டு வெளிப்புறத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது, படிப்பவருக்கு எழுத்து தெரியும்.

இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் 70 சதவீதத்துக்கு நசுக்குவது வடிவமைப்பில் நடக்கும் மிக மோசமான பழக்கம். செங்குத்துக் கோடு மெலியும், கிடைக்கோடு அப்படியே இருக்கும், வட்டமெல்லாம் முட்டையாகும். குண்டு எழுத்தின் அழகே வட்டத்தில்தான் இருக்கிறது. இடம் குறைவென்றால் சொல்லைக் குறையுங்கள், அல்லது அகலம் குறைந்த எழுத்துருவுக்கு மாறுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும்போதும் கவனம் வேண்டும். கொம்பு தனி வடிவமாக இருப்பதால் பல மென்பொருள்களில் கொம்புக்கும் அதன் மெய்க்கும் இடையிலேயே அந்த இடைவெளி விழுந்துவிடும். கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு சொல்லே உடையும். கூட்டியே ஆக வேண்டுமென்றால் கொம்புக்கும் மெய்க்கும் நடுவே மட்டும் கையால் குறைத்துக்கொள்ளுங்கள். துணைக்காலுக்கும் அப்படியே.

வரி இடைவெளியை ஆங்கிலத் தலைப்புபோல் நெருக்க முடியாது. மேல்வரியில் 'ழு', 'கு', 'ரூ' இருந்து, கீழ்வரியில் அதற்கு நேரே புள்ளியோ மேல்விலங்கோ வந்தால் முட்டிக்கொள்ளும். எழுத்தளவில் 1.2 மடங்கிலிருந்து தொடங்கி, முட்டும் இடம் இருந்தால் 1.3 வரை விடுங்கள். சில சமயம் வரியை வேறிடத்தில் உடைத்தாலே முட்டல் தீர்ந்துவிடும். உடைக்கும்போது புதிய வரி புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்கக்கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புள்ளிக்குப் பதிலாக நட்சத்திரம், பூ, இதயம் வைப்பது பலருக்கும் பிடித்த வேலை. தவறில்லை. ஆனால் அந்தப் படம் மெய்யெழுத்தின் நடுத்தலைக்கு மேலே, கோட்டின் தடிமனில் பாதியளவாவது இடைவெளி விட்டு நிற்க வேண்டும். தள்ளிப்போனால் அலங்காரம் என்று நினைத்துக் கண் தாண்டிவிடும், 'கண்' 'கண' ஆகிவிடும். சொல்லில் இரண்டு புள்ளி இருந்தால் இரண்டுக்கும் ஒரே படத்தையே வையுங்கள். ஒன்று பூவும் ஒன்று வட்டமுமாக இருந்தால் பூ புள்ளியாகப் படிக்கப்படாது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை 'லை', பழைய 'ணா' ஆகியவற்றைச் சிலர் பழமை மணத்துக்காகக் கொண்டுவருகிறார்கள். பலகாரக் கடையின் முத்திரையில் அது அழகுதான். சிறுவர் பக்கத்தில் வேண்டாம், இன்றைய பிள்ளைகள் அந்த வடிவத்தைப் பள்ளியில் பார்த்ததே இல்லை.

மென்பொருள் பக்கம் இரண்டு பொறிகள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு தமிழைப் போட்டதும் கொம்பு இடம் மாறி, புள்ளிகளால் ஆன வட்டம் தோன்றினால் எழுத்துருவைக் குறைசொல்லாதீர்கள். பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, பழைய டிடிபி தொகுப்புகளில் உள்ள வேடிக்கை எழுத்துருக்கள். அவற்றில் அழகானவை நிறைய உண்டு. ஆனால் பாமினி போன்ற பழைய குறியீட்டில் இருப்பவற்றை அப்படியே இணையதளத்துக்கு எடுத்துச் சென்றால் 'தமிழ்' என்ற சொல்கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகும், தேடினாலும் கிடைக்காது. அச்சுக்கு மட்டும், அதுவும் அவுட்லைனாக மாற்றிய பிறகே, அவற்றைப் பயன்படுத்தலாம்.

அக்ரிலிக், ஏசிபி எனும் அலுமினியக் கூட்டுத் தகடு, வினைல் ஆகியவற்றில் வெட்டி ஒட்டும் எழுத்துக்குக் குண்டு எழுத்து மிகப் பொருத்தம். உடையும் கூர்நுனி கிடையாது, பசை பிடிக்கப் பரப்பு நிறைய. வெட்டக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்ய வேண்டும். புதிய எழுத்துருக்கள் பலவற்றில், முக்கியமாகத் தடிமனை நகர்த்தி மாற்றக்கூடியவற்றில், கொம்பும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தனி வடிவங்களாக இருக்கும். திரையில் தெரியாது. வெட்டும் இயந்திரம் மட்டும் அந்தக் கோடுகளையும் வெட்டி எழுத்தைத் துண்டு துண்டாக்கும். அவுட்லைனாக்கி, கோரல்டிரா மென்பொருளில் வெல்டு செய்து, அதாவது அந்த வடிவங்களை ஒன்றாக இணைத்த பிறகே அனுப்புங்கள். புள்ளியும் மேல்விலங்கும் தனித் துண்டாக வந்தால் ஒட்டும்போது இடம் தவறும், ஆகவே 1:1 அளவில் காகிதப் படிவம் ஒன்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஸ்டென்சில் வெட்டுவதற்கு மட்டும் இந்த எழுத்து உதவாது. சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும், பாலம் விட்டால் சுழியின் உருவமே கெடும்.

சரி, எங்கே வைக்கலாம்? ஒரு சொல் குரல் எழுப்ப வேண்டிய இடம் எல்லாம் இதற்கு உரியது. மத்தாப்புப் பெட்டியின் பெயர், பொரிகடலை மிட்டாய்ப் பொட்டலம், ஐஸ்கிரீம் வண்டி, பழச்சாறு கடை, பொம்மை, பள்ளி ஆண்டு விழா மேடைப் பின்திரை, ஆடித் தள்ளுபடி, கோடை முகாம் சுவரொட்டி, யூடியூப் காணொளியின் முகப்பு. எல்லாமே மூன்று சொல்லுக்குள் முடிபவை, பார்ப்பவர் ஓரிரு வினாடியே கண் வைப்பவை. தமிழ்ச் சொல் நீளமானது என்பதால் மூன்று சொல்லே பலகையை நிரப்பிவிடும். நான்காவது சொல் வந்தால் அதைத் துணைவரியாக்கி எளிய எழுத்தில் வைப்பதே நல்லது. முகப்புப் படம் கைப்பேசியில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கும் என்பதால் அங்கே இரண்டு சொல் போதும்.

பட்டாசுப் பெட்டியிலேயே மூடியின் பெயர் துள்ளலாம், பக்கவாட்டில் உள்ள எச்சரிக்கை துள்ளக்கூடாது. எப்படிப் பற்றவைப்பது, எத்தனை அடி விலகி நிற்பது என்பதைக் குண்டு எழுத்தில் அச்சிட்ட பெட்டிகளைக் கடைகளில் பார்க்கும்போது பதறுகிறது. அவசரத்தில், மங்கிய வெளிச்சத்தில், சிறு அளவில் படிக்க வேண்டிய வரி அது. விலை, எடை, தயாரித்த மாதம் போன்றவற்றுக்குக் குறைந்தபட்ச எழுத்து உயரத்தை 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் வகுத்துள்ளன. உயரம் சரியாக இருந்தும் 3, 8 ஆகவும் 6, 0 ஆகவும் தெரிந்தால் அந்த உயரத்தால் பயன் என்ன? எண்கள் எங்கு வந்தாலும், விலையோ தொலைபேசியோ தேதியோ, இரண்டு படி மெலிந்த எழுத்திலேயே வையுங்கள். மருந்து அளவு, பேருந்தின் ஊர்ப் பெயர், மருத்துவமனை வழிகாட்டி, டெண்டர் அறிவிப்பு ஆகியவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கண்ணீர் அஞ்சலிக்குக் குண்டு எழுத்தை யாரும் வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பதில்லை. முந்தைய பிறந்தநாள் விளம்பரத்தின் கோப்பைத் திறந்து, படத்தையும் பெயரையும் மாற்றி அனுப்பும் அவசரத்தில் அந்த எழுத்து அப்படியே தங்கிவிடுகிறது. விளம்பரப் பிரிவில் அஞ்சலிக்கென்று தனிப் படிவக் கோப்பு ஒன்றை வைத்து, அதில் எளிய எழுத்துரு ஒன்றை மட்டும் ஏற்றிவைத்தால் இந்தப் பிழை அறவே நிற்கும். இழந்தவர் வீட்டில் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப் பல ஆண்டு வைத்திருப்பார்கள், ஐயா.

கடைசியாகத் தங்கள் சிறுவர் பக்கம். அங்கே வாசகர் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதினர். கெ, கே வேறுபாட்டைச் சூழலை வைத்து ஊகிக்கும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை, கண்ணால் பார்த்தே பிரிக்கிறார்கள். பெரியவர்கள் தாண்டிப் போகும் அடைபட்ட சுழியில் அவர்கள் நின்றுவிடுவார்கள். பக்கத் தலைப்பு 72 பாயின்டில் எவ்வளவு வேண்டுமானாலும் குதிக்கட்டும். கதைத் தலைப்பைப் பலூ தம்பி 2 போன்ற ஒன்றின் நடுத்தடிமனில் 36 பாயின்டில் வைக்கலாம். கதையின் உள்ளடக்கம் சுழிகள் விரிந்து திறந்த எளிய எழுத்தில், 14 பாயின்டில், 20 பாயின்ட் வரி இடைவெளியில் வரட்டும். இப்போது விடுகதைக்கான விடைகள் பக்கத்தின் அடியில் தலைகீழாக, 9 பாயின்டில், அதே குண்டு எழுத்தில் வருகின்றன. தலைகீழாகவே இருக்கட்டும், பிள்ளைகளுக்குத் தாளைத் திருப்பிப் பார்ப்பது பிடிக்கும். எழுத்தை மட்டும் அடுத்த வாரத்திலிருந்து மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்பாளர்கள் சிலர்,
சிவகாசி.